அது எங்கெல்லாம் தேடிச்சு, மேடம்?

சென்ற வருடம் மழைக்காலம் தொடங்கிய நேரம். தி.நகரில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்து மறைத்திருக்கும் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். அங்கே நான் கையேடு எழுதுபவள். ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று விளக்கி எழுதுவதுதான் இருபத்தைந்து வருடங்களாக என் பிழைப்பு. மிக்ஸியோ தண்ணீர் மோட்டாரோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, அதில் ஆரம்பித்தேன். பிறகு கணினி மென்பொருளுக்கு மாறினேன்.

மயிலாப்பூர் வீட்டில் என் கணவர் இதைச் சொல்லியே என்னைச் சீண்டுவார். "ஆத்துல வாங்கின மிக்ஸியோட நீ எழுதின புஸ்தகம்தான் வந்தது. நீயே அதைப் பிரிச்சுப் பார்க்காம பழைய பேப்பரோட போட்டுட்டே. ஊர்ல வேற யாரு படிக்கப்போறா?" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை.

அதனால்தான், "இனிமேல் மனிதர்களுக்கு எழுத வேண்டாம், ஏ.ஐ. ஏஜெண்ட்டுக்கு எழுதுங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் நிறைய ஆவலும் வந்தது.

விஷயம் இதுதான். ஒரு நிறுவனத்தில் யார் எந்தக் கணினியைத் திறந்தார்கள், எந்தக் கோப்பை எடுத்தார்கள், எந்தக் கதவு எப்போது திறந்தது என்பதெல்லாம் தானாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஏதாவது தகவல் வெளியே கசிந்தால், அந்தப் பதிவுக் குவியலில் தேடித்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். அப்படித் தேடும் கருவியை எங்கள் நிறுவனம் செய்கிறது. அதுவரை மனிதர்கள் உட்கார்ந்து தேடினார்கள். இனி ஏஜெண்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு, தேடும். "இந்தக் கோப்பு எப்படி வெளியே போனது என்று பார்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதுவே கருவியை எடுத்து, அதுவே தேடி, அதுவே யோசித்து, அறிக்கையும் எழுதித் தந்துவிடும். கருவியை எப்படிப் பிடிப்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும் கையேடு என் பொறுப்பு.

ஏஜெண்ட் என்ன நினைக்கிறது, எதைத் தேடுகிறது என்பதை எங்கள் திரையில் வரிவரியாகப் பார்க்கலாம். முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் எழுதியதை ஓர் எழுத்து விடாமல் படிக்கிற வாசகரை இருபத்தைந்து வருடங்களில் அன்றுதான் பார்க்கிறேன். படிப்பது மட்டுமில்லை, அப்படியே நம்பவும் செய்தது.

அந்த நம்பிக்கை சில சமயம் வேடிக்கையாக இருந்தது. உதாரணத்துக்கு என்று ஒரு கற்பனைப் பெயரைப் போட்டு, 'இவரைத் தேடுவதானால் இப்படித் தேடவும்' என்று எழுதியிருந்தேன். ஏஜெண்ட் அந்தக் கற்பனை ஆளையே மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தது. 'சமீபத்திய பதிவுகளைப் பார்க்கவும்' என்று எழுதினால், சமீபம் என்றால் எத்தனை நாள் என்று தனக்குள்ளேயே நாலு வரி விவாதித்துவிட்டு, ஏழு நாள் என்று அதுவே முடிவு செய்துகொண்டது. மனிதர்களிடம் இத்தனை வருடம் நான் எவ்வளவு பூசி மெழுகி எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. மனிதர்களுக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்டுக்கொள்வார்கள். இதற்குப் பக்கத்து சீட் இல்லை. என் வரிகளை விட்டால் வேறு கதியில்லை.

வேலைக்குப் போவதே விளையாடப் போவது போல ஆகிவிட்டது. ஒரு சொல்லை மாற்றுவேன். அது என்ன செய்கிறது என்று பார்ப்பேன். இன்னொரு சொல்லை மாற்றுவேன். சாப்பாட்டு டப்பா திறக்காமலே மூன்று மணி ஆகியிருக்கும்.

ஒரே ஒரு தொல்லை மட்டும் தீரவில்லை. தேடியது கிடைக்காவிட்டால் ஏஜெண்ட்டுக்கு நிறுத்தத் தெரியவில்லை. பெயரின் எழுத்தை மாற்றித் தேடும், தேதியை மாற்றித் தேடும், மறுபடி முதலிலிருந்து தேடும். ஒருநாள் இல்லாத ஒன்றை நாற்பது தடவைக்கு மேல் தேடியது. எங்கள் குழுவின் பொறியாளர், ஆதம்பாக்கத்திலிருந்து பைக்கில் வரும் முப்பது வயதுக்காரர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், இது சுத்திக்கிட்டே இருக்கு. கிடைக்கலைன்னா போதும், வெளிய வான்னு கையேட்டுல எழுதிடுங்க."

எழுதினேன். நாங்கள் எழுதுவது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'முடிவு காலியாக வந்தால், அப்படி ஒரு நிகழ்வு நடக்கவில்லை என்று கொள்ளவும். மீண்டும் தேட வேண்டாம்.'

இரண்டே வாக்கியங்கள். அடுத்த சோதனையில் ஏஜெண்ட் ஒரே தடவை தேடியது. காலி. 'அப்படி ஒரு நிகழ்வு நடக்கவில்லை' என்று எழுதிவிட்டு நின்றது. பொறியாளர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். மேலிடத்திலிருந்து பாராட்டி மெயில் வந்தது. அந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மூன்று வாரம் கழித்து, எங்கள் கருவியை அடையாறு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சோதனை முறையில் கொடுத்திருந்தார்கள். ஏஜெண்ட் எழுதும் அறிக்கை அங்கிருப்பவர்களுக்குப் புரிகிறதா என்று நேரில் பார்த்துவர என்னை அனுப்பினார்கள். காலையிலேயே மழை. புடவையின் கீழ்ப்பாதி நனைந்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நிர்வாகி யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார், உட்காருங்கள் என்றார்கள். முதல் மாடியில் அவர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது இருக்கும். அந்த நிலையத்தின் சீருடைப் புடவை. ஆனால் கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"டெஸ்ட் குடுக்க வந்தீங்களா மேடம்? ரத்தம் எடுக்கறது கீழே, வலது பக்கம்" என்றாள். கவுண்டரில் பேசிப் பழகிய சுத்தமான குரல்.

ஆபீஸ் வேலையாக வந்திருக்கிறேன் என்றேன். பேச்சு வளர்ந்தது. ஆற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை அரசாங்கம் எடுத்துவிட்டு, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து ஏழு மணிக்குக் கவுண்டரைத் திறப்பாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரும் காலை நேரக் கூட்டத்துக்கு மட்டுமான கவுண்டர் அது. மூன்று மணிக்கு மூடிவிட்டுக் கிளம்புவாள். ஆறு வருடமாக இதே வேலை.

"இப்ப பத்து நாளா வேல இல்ல மேடம். நிறுத்தி வச்சிகீறாங்க" என்றபோது அவள் குரலிலிருந்து கவுண்டர் பேச்சு போயிருந்தது. "வூட்ல வந்து ரத்தம் எடுக்கற பேஷண்டுங்க லிஸ்ட்டு வெளிய பூட்சாம். யாரோ அவங்களுக்கெல்லாம் போன் போட்டு ஆஃபரு கீது ஆஃபரு கீதுன்னு தொல்ல பண்றாங்களாம். அந்த லிஸ்ட்ட சாய்ந்தரம் ஆறம்பதுக்கு என் கம்ப்யூட்டர்லேந்து, என் பேர்ல எடுத்துகீறாங்க."

"மூணு மணிக்கே போயிடுவீங்களே?"

"அத்ததான் நானும் சொல்றேன். நான் லாக் பண்ட்டுதான் போனேன். பஸ்ஸு பூடும்னு ஓடுனாக்கூட அத்த பண்ணாம போவமாட்டேன். ஆனா புதுசா ஏதோ கம்ப்யூட்டரு வச்சித் தேடுனாங்களாம். லாக் பண்ணதுக்கு ரெக்கார்டே இல்லன்னு அது சொல்லிச்சாம். நான்தான் தொறந்து போட்டுட்டுப் போனேனாம். இன்னிக்கு வேலைய உட்டு நிறுத்தற லெட்டரு குடுக்கறேன்னு வரச் சொல்லிகீறாங்க."

'புதுசா ஏதோ கம்ப்யூட்டர்' என்னவென்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தேகம் கருவியின் மேல் இல்லை. அவள் மேல்தான். ஒருநாள் மறந்திருப்பாள், பாவம், பஸ்ஸுக்கு ஓடியிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "நீங்களும் கம்ப்யூட்டரு வேலைன்னீங்களே. அது எங்கெல்லாம் தேடிச்சு, மேடம்?"

"எல்லா இடத்துலயும் தேடியிருக்கும்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், எனக்கு அது தெரியாது என்பது உறைத்தது.

அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. நிர்வாகியின் குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை, அலுத்துப்போன குரல். "நான் என்னம்மா பண்ணட்டும்? சிஸ்டத்துல இல்லையே" என்று இரண்டு தடவை சொன்னார். வெளியே வந்த அவள் மறுபடி அதே பெஞ்சில் அதே ஓரத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தில் டைரக்டர் கையெழுத்தாக வேண்டுமாம், காத்திருக்கச் சொன்னார்களாம்.

நான் உள்ளே போனேன். நிர்வாகி அறுபதைத் தொடுபவர். மரியாதையாக உட்காரச் சொல்லி, அந்த அறிக்கையையே என் முன் வைத்தார்.

"ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். எங்களை மாதிரி கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியுது" என்றார்.

தெளிவாகத்தான் இருந்தது. காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு அந்தப் பெண்ணின் பெயரில் மென்பொருள் திறக்கப்பட்டது. மாலை ஆறு ஐம்பதுக்கு அதே பெயரில் பட்டியல் எடுக்கப்பட்டது. அடுத்த வரி: 'இடையில் கணினியைப் பூட்டியதற்கான பதிவைத் தேடினேன். முடிவு காலி. ஆகவே கணினி பூட்டப்படவில்லை.'

அந்த வரி என்னுடையது. ஏறக்குறைய சொல் மாறாமல் என்னுடையது. ஏஜெண்ட் என் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு தடவை தேடி, என் பேச்சைக் கேட்டு நிறுத்தி, என் பேச்சைக் கேட்டு முடிவு சொல்லியிருந்தது.

"சார், அந்த லெட்டரை நாளைக்குக் குடுக்க முடியுமா? எங்க பக்கம் ஒரு சின்னச் சந்தேகம் இருக்கு" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க ஆளுங்கதானே மேடம் இதுல தப்பே வராதுன்னு சொல்லி வச்சுட்டுப் போனாங்க?"

"ஒரே ஒரு நாள் சார்" என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, நாளை மாலை வரை பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல சமயம் இல்லை. சொல்லவில்லை. "உங்களை நாளைக்கு வரச் சொல்வாங்க" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கினேன்.

ஆட்டோ கோட்டூர்புரம் பாலத்தில் ஊர்ந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் அந்த ஒரே கேள்விதான். எங்கெல்லாம் தேடியது? இத்தனை வாரமாக அது எப்படித் தேடுகிறது, எத்தனை தடவை தேடுகிறது, எப்போது நிறுத்துகிறது என்று பார்த்துப் பார்த்து ரசித்தேனே, எங்கே தேடுகிறது என்று நான் கேட்டதே இல்லை.

அலுவலகத்தில் பொறியாளர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பரிசோதனை நிலையத்தின் பதிவுகளில் ஏஜெண்ட் தேடிய அதே தேடலை நானே தேடினேன். காலி. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

கருவிக்குள் பதிவுகள் தனித்தனி அலமாரிகளில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருளில் நடப்பது ஓர் அலமாரியில். கணினியைப் பூட்டுவது, திறப்பது வேறு அலமாரியில். ஒவ்வொரு அலமாரிக்கும் தனி அனுமதி வேண்டும்.

"ஒரு அலமாரியைப் பார்க்க நமக்கு அனுமதியே இல்லைன்னு வச்சுக்கோங்க. அதுல தேடினா கருவி என்ன சொல்லும்?" என்று கேட்டேன்.

"காலின்னு காட்டும் மேடம்."

"அனுமதி இல்லைன்னு சொல்லாதா?"

"சொல்லாது. அப்படிச் சொன்னா, உள்ள ஏதோ இருக்குன்னு காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும்ல? அதனால வேணும்னே அப்படிப் பண்ணி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஆக, இரண்டு விதமான காலி. ஒன்று, உண்மையிலேயே ஒன்றும் இல்லாத காலி. இன்னொன்று, நம் கண்ணைக் கட்டியிருப்பதால் தெரியும் காலி. திரையில் இரண்டுக்கும் ஒரே முகம். இரண்டையும் ஒன்றாக்கி, 'நடக்கவில்லை' என்று சொல்லும்படி ஏஜெண்ட்டுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். பொறியாளருக்கு அனுமதி விஷயம் தெரியும், ஆனால் என் வரியை அவர் அந்தக் கண்ணோடு படிக்கவில்லை. எனக்கு வரி தெரியும், அனுமதி விஷயம் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை.

ஆனால் இங்கே நடந்தது இரண்டாவது காலிதான் என்று எப்படி நிரூபிப்பது? அவள் உண்மையிலேயே பூட்டாமல் போயிருந்தால்? தேடலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். தேதியை எடுத்துவிட்டேன். அந்த நிலையம் முழுவதிலும், எந்தக் கணினியையாவது, யாராவது, கடந்த ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது பூட்டியிருக்கிறார்களா என்று தேடினேன்.

காலி.

பொறியாளர் மெதுவாகச் சொன்னார். "மேடம், இதுக்கு சான்ஸே இல்ல. பத்து நிமிஷம் கையை எடுத்தாலே கம்ப்யூட்டர் தானா பூட்டிக்குமே."

ஒரு மாதம், இருபது கணினிகள், ஒருமுறைகூட யாரும் எதையும் பூட்டவில்லையாம். இந்த அலமாரியை நாங்கள் பார்க்கவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்த நிலையத்தின் கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர்தான் அனுமதி கொடுக்க வேண்டும். பொறியாளர் அவருக்கு மெயில் போட்டார், போனும் போட்டார். மறுநாள் காலையில் கொடுப்பதாகச் சொன்னார். அதற்குள் நான் அந்த இரண்டு வாக்கியங்களை அழித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு நிமிடத்தில் எழுதியதைத் திருத்த அன்று பிற்பகல் முழுக்க ஆனது. 'முடிவு காலியாக வந்தால், முதலில் பெயரையும் தேதியையும் எடுத்துவிட்டு ஒருமுறை தேடி, அந்தப் பதிவுகளைப் பார்க்க உனக்கு அனுமதி இருக்கிறதா என்று சரிபார். இருந்தால், தேடிய இடத்தையும் நாட்களையும் குறிப்பிட்டு, அங்கே கிடைக்கவில்லை என்று எழுது. இல்லாவிட்டால், பார்க்க முடியவில்லை என்று எழுது. எந்த நிலையிலும், கிடைக்காததை மட்டும் வைத்து நடக்கவில்லை என்று எழுதாதே.' பொறியாளருக்கு அது மறுபடி சுற்ற ஆரம்பிக்குமோ என்று பயம். அதற்காகத்தான் 'ஒருமுறை'.

அந்தப் பெண்ணின் விஷயத்தையே மறுபடி கொடுத்து ஓடவிட்டோம். ஏஜெண்ட் தேடியது. காலி. அனுமதியைச் சரிபார்த்தது. பிறகு எழுதியது: 'கணினியைப் பூட்டும், திறக்கும் பதிவுகளை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே இந்தக் கணினி பூட்டப்பட்டதா இல்லையா என்பதைச் சொல்ல இயலாது.'

அதை நான் மூன்று தடவை படித்தேன். சொல்லிக்கொடுத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கும். என்ன சொன்னாலும் கேட்கிற ஒன்றிடம், நான் தப்பானதைச் சொல்லியிருந்தேன்.

மறுநாள் பொறியாளரும் என்னோடு அடையாறுக்கு வந்தார். அனுமதி வந்திருந்தது. நிர்வாகியின் அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து தேடினோம். இந்த முறை திரை நிறைந்தது. பட்டியல் போன அந்த நாளில், அந்தக் கவுண்டர் கணினி பிற்பகல் மூன்று மணி நாலு நிமிடத்துக்குப் பூட்டப்பட்டிருந்தது. மாலை ஆறு நாற்பத்து நாலுக்குக் கடவுச்சொல் போட்டுத் திறக்கப்பட்டிருந்தது. பட்டியல் எடுத்தது அதற்குப் பிறகு ஆறு நிமிடத்தில்.

நிர்வாகி அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அந்தக் கடவுச்சொல் அங்கே பாதிப்பேருக்குத் தெரியுமாம். அவள் லீவு போட்டால் கவுண்டர் நிற்கக்கூடாது என்று அலுவலகமே செய்த ஏற்பாடாம். அவர் உடனே போனை எடுத்து, அன்று மாலை ஆறே முக்காலுக்கு அந்தக் கவுண்டரில் யார் இருந்தது என்று ஒவ்வொரு பிரிவாகக் கேட்டார். நான்காவது அழைப்பில் விளம்பரப் பிரிவு ஆள் ஒருவர் மாடியேறி வந்தார். ஒளிவு மறைவே இல்லை.

"நான்தான் சார் எடுத்தேன். ஆஃபர் சொல்றதுக்கு வெளிய ஒரு கம்பெனிக்குக் குடுத்தோம். அதுல தப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாது சார். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே. என்னை யாரும் கேக்கலையே."

உண்மைதான், அவரை யாரும் கேட்கவில்லை. ஓர் அறிக்கை 'பூட்டவில்லை' என்று சொல்லிவிட்ட பிறகு யாரைப் போய் என்னவென்று கேட்பார்கள்? கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் என் வரி ஒரேயடியாகச் சாத்திவிட்டிருந்தது.

அந்தப் பெண்ணுக்குப் போன் போனது. அவள் வரும்வரை நான் காத்திருந்தேன். பொறியாளரை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். இதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள். உள்ளே போய்ப் பேசிவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"தேடுன எடத்துல அனுமதியே இல்லியாமே மேடம். நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு சாரு சொன்னாரு."

"கண்டுபிடிச்சதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. கிடைக்கலைன்னா நடக்கலைன்னு முடிவு பண்ணிக்கோன்னு அதுக்கு எழுதிக் குடுத்ததே நான்தான். மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது.

"நேத்து நாம இங்க குந்திகினு பேசினு இருந்தப்பவே தெரியுமா?"

"இல்ல. உள்ள போய் அந்தப் பேப்பரைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது."

"வெளிய வந்தப்ப தெரியும்."

"தெரியும்."

"அப்ப சொல்லல."

"சொல்லல" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பாமலே பேசினாள். "பத்து நாளா எங்க வூட்ல யாருக்கும் தெரியாது மேடம். தெனம் சோறு கட்டிகினு அதே பஸ்ஸுலதான் ஏறுவேன். கொட்டிவாக்கத்துல எறங்கி, பீச்சாண்ட போய் குந்திகினு இருப்பேன். மழ வந்தா படகாண்ட ஒதுங்கிக்குவேன். மூணு மணி ஆனதும் கெளம்புவேன். நானே என்னைக் கேட்டுப்பேன். ஒருவேள நெசமாவே நான்தான் மறந்துட்டேனோ? நாலாவது நாளெல்லாம் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். கம்ப்யூட்டரே சொல்லுதே, அது ஏன் பொய் சொல்லப்போவுதுன்னு."

அதுதான் என்னை உலுக்கிவிட்டது. வேலை போவது ஒரு பக்கம். தான் செய்ததைத் தானே சந்தேகப்படும்படி ஆக்கியிருக்கிறேன் ஒருத்தியை, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு.

கீழே கவுண்டரிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். இன்னொரு கவுண்டரில் ஆள் இல்லை, அன்றைக்கே உட்கார முடியுமா என்று கேட்டார்கள். "இதோ வரேங்க" என்றாள், அந்தச் சுத்தமான குரலில். படியிறங்கப் போனவள் நின்று, "அந்த வரிய மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"நேத்தே மாத்திட்டேன்."

"சரி" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. நான் கீழே இறங்கி வெளியே போகும்போது, ஒரு பெரியவரிடம் டோக்கன் எண்ணைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏஜெண்ட்டுக்கான கையேட்டில் இப்போது அந்தப் பகுதி ஒரு முழுப் பக்கம். நிறுவனத்தில் எல்லாக் கருவிகளுக்கும் அதையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். புதிதாகச் சேருபவர்கள், காலி முடிவுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா, இரண்டு வரியில் முடிக்கலாமே என்று கேட்பதுண்டு. முடிக்கலாம், நானும் முடித்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

எனக்குள் நடந்த மாற்றம் அதைவிடச் சின்னது. வீட்டிலோ வேலையிலோ யாராவது எதையாவது கேட்டு, 'இல்லை' என்று சொல்ல வாயெடுத்தால் ஒரு நொடி நிற்கிறேன். நான் பார்த்தேனா, எதுவரை பார்த்தேன் என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். பல சமயம் உண்மையான பதில், 'நான் பார்க்கவில்லை' என்பதாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்துக்குப் பயந்து நாம் சொல்லும் ஒரு சுலபமான 'இல்லை', நாம் பார்த்தே இராத யாரோ ஒருவர் தன் கை செய்ததைத் தானே நம்பாமல் பத்து நாள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் காரணமாகலாம் என்பதை அந்தப் பெண்தான் எனக்குக் காட்டினாள்.